புயல் விட்டுப்போன பொருளில் ஒரு படைப்பு: கேட்டு வாங்குவது முதல் சுவரில் மாட்டுவது வரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். விடிந்து வெளியே வந்து பார்த்தால் தெரு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நடுவில் மின்கம்பம், தகரம், யார் வீட்டதோ ஒரு மரப்பெட்டி. அதுவரை நான் கான்வாஸில் வரைந்துகொண்டிருந்தவன். அந்த மாதம் ஒரு கோடுகூடப் போடவில்லை. மரம் அறுத்தோம், கீற்று தேடினோம், ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டின் முன் குடத்தோடு வரிசையில் நின்றோம்.

அந்தப் பொருட்களைக் கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தது அதற்கெல்லாம் பிறகுதான். மரம், இரும்பு, துணி, ஓடு, மண், வண்ணம் என்று பல பொருளை ஒரே படைப்பில் சேர்ப்பதை மிக்ஸட் மீடியா என்கிறோம். புயலில் கிடைத்த பொருள் கடையில் வாங்கிய பொருள் மாதிரி இருக்காது. அதில் உப்பு இருக்கும், பூஞ்சை இருக்கும், முக்கியமாக அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். இதையெல்லாம் நான் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். நீங்கள் அப்படிக் கெடுக்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

1. முதலில் கை உதவிக்கு, அப்புறம்தான் கலைக்கு

முதல் இரண்டு மூன்று வாரம் எதையும் பொறுக்காதீர்கள். மனிதர்கள் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது பையோடு நடுவில் போய் நிற்கக் கூடாது. நடைமுறைக் காரணமும் உண்டு. கிராம நிர்வாக அலுவலர் வந்து சேதத்தைக் கணக்கெடுக்கும் வரை இடிந்தது இடிந்தபடி இருந்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு நிவாரணம் கேட்க வசதி. நீங்கள் ஆசைப்பட்டு எடுத்த இரண்டு கைமரம் அவர்களுடைய கணக்கில் குறையக் கூடாது.

தென்னந்தடி மட்டும் விதிவிலக்கு. விழுந்த தடி மட்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். பிறகு அந்த வண்டு, தப்பி நிற்கும் மரங்களின் குருத்தைக் குடையும். அதனால் தோப்புக்காரர் தடியை அப்புறப்படுத்த அவசரப்படுவார். அவர் அறுக்கும்போதே பக்கத்தில் நின்று, உங்களுக்கு வேண்டிய துண்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2. கேட்டு வாங்குவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பக்கத்து ஊரில் ஒரு அப்பத்தாவின் கூரை வீடு முழுசாகப் போயிருந்தது. வாசல் கதவு மட்டும் புளியமரத்தில் சாய்ந்து நின்றது. பழைய வேம்பு, நல்ல கனம். பின்பக்கம் கரியால் போட்ட கோடுகள், நான்கு வரிசை. எனக்கு அதைப் பார்த்ததும் ஆசை. "அப்பத்தா, இந்தக் கதவை நான் எடுத்துக்கட்டுமா?" என்றேன். "அது பால் கணக்கு தம்பி. பால்காரனுக்கு இன்னும் குடுக்கல. கணக்கு தீரட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். நான் வெறும் கோடுகள் என்று பார்த்தது அவருக்கு அடைக்க வேண்டிய கடன். புயல் அடித்து வீடு போன பிறகும் அந்தக் கணக்கை அவர் விடவில்லை. தை மாதம் அவரே ஆள் அனுப்பினார். கதவு இப்போது என்னிடம் இருக்கிறது. கேட்காமல் எடுத்திருந்தால் ஒரு மாதத்துப் பால் கணக்கை ஈரத்துணியால் துடைத்துப் போட்டிருப்பேன்.

இதையே பெரிய அளவில் யோசித்தவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு கெசென்னுமா ஊரின் ரியாஸ் ஆர்க் கலை அருங்காட்சியகம் அந்தக் கரையில் கிடந்த பொருட்களைச் சேகரித்து நிரந்தரக் காட்சியாக வைத்தது. இடிபாட்டுக்கு ஜப்பானியர் வழக்கமாகச் சொல்லும் சொல் 'கரெகி'. உடைந்த ஓடு, கல் என்று பொருள். மதிப்பில்லாதது என்ற தொனியும் அதில் உண்டு. அருங்காட்சியகம் அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு, பேரிடருக்கு உள்ளான பொருள் என்ற பொருளில் 'ஹிசாய்புட்சு' என்று எழுதியது. நம் ஊரில் 'குப்பையை அள்ளியாச்சா?' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். சொந்தக்காரர் முன்னால் குப்பை, கழிவு என்ற சொற்களை நான் எடுப்பதே இல்லை.

ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து, அதே எண்ணைத் துணிப்பட்டையில் எழுதிப் பொருளில் கட்டுங்கள். நோட்டில் எழுத வேண்டியவை: எந்த ஊர், எந்த நாள், யார் கொடுத்தது, அது வீட்டில் என்னவாக இருந்தது, படைப்பில் பெயர் போடலாமா, விற்றால் பணத்தை எப்படிப் பிரிப்பது, திரும்பக் கேட்டால் கொடுக்க வேண்டுமா. கடைசிக் கேள்வியைக் கேட்க நிறையப் பேர் தயங்குவார்கள். கேளுங்கள். கிடைத்த இடத்திலேயே ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

3. தொடக் கூடாதவை

கல்நார் ஓடு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், எவ்வளவு அழகாக உடைந்திருந்தாலும் வேண்டாம். அறுத்தாலோ துளையிட்டாலோ கண்ணுக்குத் தெரியாத இழை பறந்து நுரையீரலில் தங்கும். பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது அது. உடைந்த ஃபைபர் படகின் துண்டையும் வீட்டுக்குள் வைத்துத் தேய்க்காதீர்கள். அதன் கண்ணாடி இழைத்தூள் தோலையும் மூச்சையும் பதம் பார்க்கும். பேட்டரி, பூச்சிமருந்து டப்பா, என்னவென்று தெரியாத எண்ணெய் பட்ட மரம், இவற்றையும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. பட்டா, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், தாலி, கல்யாணப் போட்டோ. இவை கண்ணில் பட்டால் படைப்பை மறந்துவிட்டு உரியவரைத் தேடிக் கொடுங்கள். உடைந்த சாமி சிலை என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

இறங்குவதற்கு முன் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் சின்ன வெட்டு இருந்தாலும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். குவியலைக் கையால் பிரிக்கக் கூடாது, கம்பால் தட்டிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். வீடிழந்த பாம்புகளும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

4. உப்பை எடுப்பது, காய வைப்பது

பாதி வேலை இங்கேதான். என் முதல் மூன்று படைப்புகள் ஒரே ஆண்டில் கெட்டன. ஓட்டின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது, ஆணியைச் சுற்றித் துரு வழிந்தது, பலகையை வண்டு துளைத்தது. பொறுமை இல்லாமல் ஒட்டியதற்குக் கிடைத்த பலன் அது.

ஓடு, மரம், மண்பானைத் துண்டு போன்றவற்றுக்கு: பெரிய தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி ஊற வையுங்கள். உப்பு போய்விட்டதா என்று பார்க்க, குடிதண்ணீர் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டரே போதும், பேனா மாதிரி இருக்கும். முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் தொட்டித் தண்ணீரை அளந்தால் எண் ஏறியிருக்கும். அந்த ஏற்றம் பொருளில் இருந்து இறங்கிய உப்பு. தண்ணீரை மாற்றி மறுபடி ஊற வையுங்கள். இரண்டு எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்ற நிலை வரும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மங்களூர் ஓட்டுக்கு எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆனது.

கரிக்கோடு, சுண்ணாம்பு எழுத்து, பழைய வண்ணம் இருக்கும் பலகையை ஊற வைக்கவே கூடாது. மென்மையான பிரஷால் மண்ணைத் தட்டி எடுங்கள். பிறகு, தச்சர்கள் பாலிஷுக்கு வைத்திருக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் மிக மெல்லிசாகக் கரைத்து, சலூன் ஸ்பிரேயர் மாதிரி ஒன்றால் தூரத்தில் இருந்து பனி போல அடியுங்கள். காய்ந்த பிறகு இன்னொரு தடவை. கோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பால் கணக்குக் கதவை இப்படித்தான் காப்பாற்றினேன்.

தென்னை மரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், டெல்டாவில் கஜாவுக்குப் பிறகு அதிகம் கிடைத்தது அதுதான். வேம்பு, தேக்கு போன்ற மரங்களுக்கு வயிரம், அதாவது கெட்டியான பகுதி, நடுவில் இருக்கும். தென்னைக்கும் பனைக்கும் வயிரம் வெளிப்புறம். வயிரம் புறத்தே இருப்பதைப் புல் என்றும் அகத்தே இருப்பதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னை புல் வகைதான். பட்டறையில் இது நேரடியாகப் பயன்படும் செய்தி. அடித்தடியின் வெளி இரண்டு அங்குலத்தை மட்டும் எடுங்கள். நடுவில் இருக்கும் சோறு காய்ந்தால் சுருங்கி உதிரும். சாதாரண ரம்பம் சீக்கிரம் மழுங்கிவிடும், கார்பைடு முனை வைத்த பிளேடு வாங்கிக்கொள்ளுங்கள். குறுக்கே அறுத்தால் வெளிறிய பரப்பில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவை நீரும் சத்தும் ஏறிய குழாய்க் கற்றைகள். எனக்கு அதன்மேல் வண்ணம் பூச இதுவரை மனம் வந்ததில்லை.

அறுத்த உடனே பூச்சிக்கு மருந்து கொடுக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் வெண்காரம், 200 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பலகையை அதில் ஊற வையுங்கள். கையுறை கட்டாயம், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அப்புறம் நிழலில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி வைத்து அடுக்குங்கள். ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

இரும்புக்கு வழி வேறு. வெறும் தண்ணீரில் ஊற வைத்தால் துரு கூடும். ஒரு லிட்டருக்கு 20 கிராம் வாஷிங் சோடா கலந்த தண்ணீரில் மூழ்க வைத்து, வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். நான்கு வாரம் போதும். நன்றாகக் கழுவி, கம்பி பிரஷால் உதிரும் துருவை மட்டும் எடுத்து, அடுப்பருகே உலர்த்துங்கள். பிறகு கடுக்காய். கொட்டை நீக்கிய தோலை 100 கிராம் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பாதியாக வற்றியதும் வடிகட்டி, ஆறிய பிறகு இரும்பின்மேல் பூசுங்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து துருவோடு சேர்ந்து நீலம் கலந்த கறுப்பாக மாறும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு பிறப்பதும் இதே சேர்க்கையில்தான். மூன்று பூச்சு கொடுத்துக் காய்ந்ததும், இரும்பைச் சற்றுச் சூடாக்கித் தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள்.

துணிக்கு நல்ல முன்மாதிரி கேரளத்தில் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் நெசவாளர்கள் ஓணத்துக்கு நெய்து வைத்திருந்த சேலைகள் சேற்றில் மூழ்கின. வடிவமைப்பாளர் லட்சுமி மேனன், சுற்றுலாத் துறையைச் சேர்ந்த கோபிநாத் பாறயில் இருவரும் அந்தச் சேலைகளைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்து வெட்டி, சேக்குட்டி என்ற சிறு பொம்மைகளாக்கினார்கள். பெயரில் இருக்கும் 'சே' நம் சேறுதான். ஒரு சேலையில் 360 பொம்மை வந்தது, ஒன்றை அப்போது 25 ரூபாய்க்கு விற்றார்கள். அப்படியென்றால் யாரும் வாங்காத ஒரு சேலைக்கு 9,000 ரூபாய். பொம்மையின் கறையையும் கிழிசலையும் அவர்கள் மறைக்கவில்லை. நீங்களும் துணியைக் கிருமி போக வேகவையுங்கள், கறை போக வேகவைக்காதீர்கள்.

5. என்ன செய்வதென்று முடிவெடுப்பது

சுத்தமான பொருட்களைத் தரையில் பரப்பி வையுங்கள். ஒரு வாரம் எதையும் ஒட்டாமல் காலை மாலை பாருங்கள். மூன்று வகைப் பொருளுக்கு மேல் ஒரே படைப்பில் சேர்க்காதீர்கள் என்பேன். கூடினால் பழைய இரும்புக் கடை மாதிரி ஆகிவிடும்.

சேதத்தை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. உலகத்தில் பெரிய கலைஞர்கள் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோ, மியாகி மாநிலத்தில் சுனாமி நீரில் மூழ்கிய ஒரு பள்ளிப் பியானோவைப் பழுது பார்க்கவே இல்லை. இயற்கை அதற்குப் புதிய சுருதி சேர்த்ததாக எடுத்துக்கொண்டு, உலகின் நிலநடுக்கத் தரவுகளைக் கொண்டு அதை ஒலிக்க வைத்து 2017இல் தோக்கியோவில் காட்சிக்கு வைத்தார். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் நேர் எதிர். 2008 மே 12 சிச்சுவான் நிலநடுக்கத்தில் இடிந்த பள்ளிகளின் வளைந்த கான்கிரீட் கம்பிகளைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் ஆட்களை வைத்துக் கையால் அடித்து நேராக்கி அடுக்கினார். இறந்துபோன 5,000க்கும் அதிகமான குழந்தைகளின் பெயர்ப் பட்டியலும் கூடவே இருந்தது. மூன்றாவது, வயலின் செய்யும் முனேயுகி நகாசாவா. ரிகுசென்தகாதாவில் சுனாமி அடித்துக் குவித்த மரத்தில் வயலின் செய்தார். அந்தக் கடற்கரையில் தப்பி நின்ற ஒற்றைப் பைன் மரத்தின் துண்டை வயலினின் உள்ளே நிற்கும் சிறு தூணாக வைத்தார்.

அப்படியே விடலாம், நேராக்கலாம், வேறொன்றாக ஆக்கலாம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு படைப்பு முழுக்க அதே வழியில் போங்கள். எனக்கு முதல் வழிதான் ஒத்துவருகிறது. உடைந்த விளிம்பை உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்கினால் அது அலங்காரப் பொருளாகிவிடுகிறது. கையைக் கிழிக்கும் சிலாம்பை மட்டும் எடுத்துவிட்டு விளிம்பை விட்டுவிடுவேன்.

6. சேர்ப்பது

பசையைக் கடைசி வழியாக வையுங்கள். ஃபெவிகால் எங்கள் கடலோர ஈரத்தில் இளகுகிறது. அரால்டைட் பிடித்தால் விடாது, பின்னால் யாராவது பிரித்துப் பழுது பார்க்கவோ சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கவோ முடியாது. அதனால் கட்டுங்கள், முடுக்குங்கள். துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்க்ரூ, செம்புக் கம்பி, தேங்காய் நார்க்கயிறு. செம்பும் இரும்பும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் இரும்பு வேகமாக அரிக்கும். நடுவே ரப்பர் வாஷர் வையுங்கள். ஓட்டில் துளையிடும்போது மெதுவான வேகத்தில், இன்னொருவர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட, அடியில் பலகை கொடுத்துத் துளையிட வேண்டும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து ஒட்டுங்கள். அசிட்டோன் தடவினால் மறுபடி விட்டுவிடும்.

7. சேற்றில் இருந்து வண்ணம்

கஜாவின்போது கடல் சேறு வேதாரண்யம் உப்பளங்களின்மேல் ஏறிப் படிந்தது. அந்தச் சாம்பல் கறுப்பு எந்த டியூபிலும் கிடைக்காது. சேற்றை வாளியில் கரைத்துக் கலக்கி, தெளிய வைத்து, மேல்தண்ணீரை இறுத்துவிடுங்கள். உப்பு போகும் வரை திரும்பத் திரும்ப. இங்கேயும் டி.டி.எஸ். மீட்டர்தான் சாட்சி. வேட்டித் துணியில் வடிகட்டிக் காயவைத்து, திறந்தவெளி அடுப்பில் பழைய இரும்புச் சட்டியில் வறுத்தால் கிருமி போய்விடும். அம்மியில் அரைத்து, கருவேலம் பிசின் கரைசலோடு குழைத்தால் மெல்லிய பூச்சு, அக்ரிலிக் மீடியத்தோடு குழைத்தால் தடிமனான பூச்சு. ஒரே தடவையில் கனமாகப் பூசினால் வயல் மாதிரி வெடிக்கும். அந்த வெடிப்பு வேண்டும் என்றால் தாராளமாகப் பூசுங்கள், ஆனால் பின்னால் பிளைவுட் கொடுத்துத் துணி ஒட்டிய பரப்பாக இருக்கட்டும்.

8. மாட்டுவதும் காட்டுவதும்

எடை போட்டுப் பாருங்கள். என் கதவு 31 கிலோ. அந்த எடைக்குக் கண்ணி வைத்த ஆணி தாங்காது. சுவரில் ஆங்கர் போல்ட் இறக்கி, அடியில் ஒரு தாங்குபட்டையும் கொடுத்தேன். சுவருக்கும் படைப்புக்கும் நடுவில் ஒரு அங்குலம் காற்றோட்டம் விடுங்கள்.

பெயர்ச்சீட்டில் உங்கள் பெயருக்கு முன்னால் பொருளின் ஊரும், அனுமதி இருந்தால் கொடுத்தவர் பெயரும் வரட்டும். விற்றால் நோட்டில் எழுதியபடி பணத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆள் அனுப்பாமல் நேரில் போங்கள்.

கண்காட்சிக்குக் கொண்டுபோகும் முன்னால் சொந்தக்காரரிடம் காட்டுங்கள். கதவை வேனில் ஏற்றுவதற்கு முதல் நாள் அந்த அப்பத்தாவை என் பட்டறைக்கு அழைத்து வந்தேன். சேற்று வண்ணத்தையும் ஓட்டையும் அவர் அதிகம் பார்க்கவில்லை. கோடுகளுக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "நாலாவது வரிசையில ஒண்ணு கொறையுது தம்பி" என்றார். நான் அரக்கு அடிப்பதற்கு முன்பு பிரஷில் உதிர்ந்திருக்க வேண்டும். அடுப்பில் இருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வரச் சொல்லி, அந்தக் கோட்டை அவரே போட்டார். அதன்மேல் ஒரு முறை அரக்கு அடித்துக் காயவிட்டு, மறுநாள் காலை வேனில் ஏற்றினோம்.